கோடு போட்டவர், கூடி உழைத்தவர்: கணித மேதை ஆய்லர்

ஸ்விட்சர்லாந்து நாட்டிலே ரைன் ஆற்றங்கரையில் பாசல் என்று ஒரு டவுன் இருக்கிறது. அங்கே 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் லியோனார்டு ஆய்லர் பிறந்தார். அப்பா பால் ஆய்லர் ஒரு பாதிரியார். மகன் பிறந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்து ஊரான ரீகென் தேவாலயத்துக்கு வேலை மாறிக் குடும்பத்தோடு போனார். வசதி பெரிதாக இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு செல்வம் இருந்தது. பால் ஆய்லர் இளம் வயதில் ஜேக்கப் பெர்னூலி என்ற பெரிய கணித அறிஞரிடம் பாடம் கேட்டவர். மகனுக்கு முதல் கணக்கு வாத்தியார் அவரேதான்.

படிப்புக்காகப் பையனைப் பாசலில் இருந்த பாட்டி வீட்டில் விட்டார்கள். சேர்ந்த பள்ளியிலோ கணக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. தனியாக ஒருவரிடம் கற்றுக்கொண்டான். 13 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அந்தக் காலத்தில் அந்த வயதில் சேருவது அதிசயமில்லை. அதிசயம் அதற்குப் பிறகு நடந்தது. ஜேக்கப்பின் தம்பி ஜோகன் பெர்னூலி அங்கே பேராசிரியர். ஐரோப்பாவிலேயே பேர் போனவர். அவரிடம் போய்த் தனிப்பாடம் கேட்டான் பையன். நேரமில்லை என்று மறுத்துவிட்டார். ஆனால் கடினமான சில புத்தகங்களின் பெயரைச் சொல்லி, நீயே படி, புரியாததை மட்டும் சனிக்கிழமை மத்தியானம் வந்து கேள் என்றார். பையன் என்ன செய்தான் தெரியுமா? வாரம் முழுக்க உட்கார்ந்து, கேட்க வேண்டிய சந்தேகத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு போனான். ஒரு சந்தேகத்தை அவர் தீர்த்து வைத்தால் அதோடு சேர்ந்து பத்துச் சந்தேகம் தானாகத் தீர்ந்து போனதாகப் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள் இந்தச் சனிக்கிழமைச் சங்கதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஜோகன் பெர்னூலி எடுத்துச் சொல்லித்தான் அந்த ஆசை மாறியது. 1727-இல் பாரிஸ் அறிவியல் கழகம் கப்பலின் பாய்மரங்களை எங்கே எப்படி நிறுத்துவது என்று ஒரு போட்டி வைத்தது. கடலே இல்லாத நாட்டில் வளர்ந்த 20 வயது ஆய்லர் கட்டுரை அனுப்பி இரண்டாம் நிலையில் வந்தார். அதே சமயம் சொந்த ஊரில் பௌதிகப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குப் புறப்பட்டார். பிறகு சொந்த ஊரில் வாழ அவர் திரும்பவே இல்லை.

ரஷ்யாவின் தலைநகரம் அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே புதிதாக ஓர் அறிவியல் கழகம் ஆரம்பித்திருந்தார்கள். ஜோகனின் மகன் டேனியல் பெர்னூலி முன்பே அங்கே வேலையில் இருந்தார். கூட்டாளி கூப்பிட்டுத்தான் ஆய்லர் போனார். 1730-இல் பௌதிகப் பேராசிரியர், டேனியல் ஊர் திரும்பியதும் 1733-இல் கணிதப் பேராசிரியர். 1734-இல் கேத்தரினா கிசெல் என்ற ஓவியர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 13 பிள்ளைகள் பிறந்தார்கள். தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐந்தே பேர். அந்தக் காலத்துத் தாய்மார்கள் பட்ட பாடு அப்படி.

இந்த ஊரில்தான் ஏழு பாலத்துக் கணக்கு அவர் கைக்கு வந்தது.

அப்போது பிரஷ்ய நாட்டில் கோனிக்ஸ்பர்க் என்று ஒரு பட்டணம் இருந்தது. இன்று அது ரஷ்யாவைச் சேர்ந்த கலினின்கிராட். பிரெகெல் என்ற ஆறு ஊருக்கு நடுவே கிளை பிரிந்து ஓடியது. நடுவில் ஒரு தீவு. ஆறு ஊரை நான்கு நிலமாகப் பிரித்திருந்தது. இந்த நான்கையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் விடாமல், எந்தப் பாலத்திலும் இரண்டாம் தடவை கால் வைக்காமல், ஊரைச் சுற்றி வர முடியுமா? ஊர் மக்கள் நடந்து நடந்து பார்த்தார்கள். யாராலும் முடியவில்லை. முடியாது என்று நிரூபிக்கவும் ஆளில்லை.

ஆய்லர் அந்த ஊருக்குப் போய் நடந்து பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழாமலே யோசித்தார். பாலம் எவ்வளவு நீளம், தெரு எவ்வளவு வளைவு என்பதெல்லாம் வேண்டாத சங்கதி என்று தள்ளிவிட்டார். நான்கு நிலத்துக்கும் நான்கு எழுத்துப் பெயர் வைத்தார். எந்த நிலத்தை எந்த நிலத்தோடு எத்தனை பாலம் சேர்க்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால் இன்னொரு பாலத்தால் வெளியேற வேண்டும். ஆக, வழியில் கடந்து போகிற நிலத்துக்குப் பாலங்கள் இரண்டிரண்டாகச் செலவாகும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலம் உள்ள நிலம் நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. எனவே அப்படிப்பட்ட நிலம் இரண்டுக்கு மேல் இருந்தால் நடக்கிற காரியமில்லை. கோனிக்ஸ்பர்க்கில் தீவுக்கு 5 பாலம், மற்ற மூன்று நிலங்களுக்கும் தலைக்கு 3 பாலம். நான்குமே ஒற்றைப்படை! கதை முடிந்தது.

பென்சிலை எடுக்காமல், போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போடாமல், கூரை வீடு வரையச் சொல்லி வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மடக்குவார்களே, அதற்கும் இதே சட்டம்தான்.

1735 ஆகஸ்டில் இதை அறிவியல் கழகத்தில் எடுத்து வைத்தார். 1741-இல் அச்சில் வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், டான்சிக் நகர மேயருக்கு 1736-இல் எழுதிய பதிலில், இதற்குக் கணித அறிஞர் எதற்கு, கொஞ்சம் நிதானமாக யோசிக்கிற யாரும் செய்துவிடலாமே என்ற மாதிரிதான் ஆய்லர் எழுதியிருந்தார். அவருக்கே அது சின்ன வேலையாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன வேலைதான் பிற்காலத்தில் ஒரு பெரிய சாஸ்திரத்துக்கு விதை. ஊரைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் பின்னால் வந்தவர்கள் வரைந்தார்கள். அப்புறம் ஆளைப் புள்ளி என்றும் பழக்கத்தைக் கோடு என்றும் வரைந்தார்கள். மின்சாரக் கம்பி, டெலிபோன், விமானப் பாதை, காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் வழி, எல்லாமே புள்ளியும் கோடும்தான். இதையெல்லாம் சேர்த்து இன்றைக்கு வலைப்பின்னல் ஆய்வு என்கிறார்கள்.

பெயரும் புகழும் வந்த அதே சமயத்தில் உடம்பு காலை வாரியது. 1735-இல் கடுமையான காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். 1738-இல் வலது கண் பார்வை போயிற்று. ரஷ்யாவின் வரைபடம் தயாரிக்கும் வேலையில் கண்ணுக்குக் கொடுத்த சிரமம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். கவனம் சிதற இனி ஒரு கண்தான் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டாராம்.

1741-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் அழைக்க, பெர்லின் போனார். 25 வருடம் அங்கே இருந்தார். மன்னருக்கும் இவருக்கும் ஒத்துப் போகவில்லை என்பதே உண்மை. மன்னருக்குச் சபையில் சாதுரியமாகப் பேசுகிற ஆட்கள் வேண்டும். இவரோ அடக்கமான குடும்பஸ்தர், கடவுள் பக்தி உள்ளவர், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர். ஒற்றைக் கண் அரக்கன் என்று கேலி செய்தார் மன்னர். படித்த மன்னர், கலை தெரிந்த மன்னர் என்று சரித்திரப் புத்தகம் அவரைப் புகழ்கிறது. இருக்கட்டும். உடற்குறையைச் சொல்லிச் சிரிக்கிறவனை எந்த வகுப்பிலும் எந்த ஆசிரியரும் மெச்ச மாட்டார்.

பெர்லினில் அவர் செய்த வேலை மலையளவு. அதில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் பாலத்துக் கணக்கு விட்ட குறையை இந்த இரண்டும்தான் பின்னாளில் நிரப்ப வந்தன.

முதலாவது வட்டம். 1760-இலிருந்து 1762 வரை ஓர் இளவரசிக்குப் பாடம் சொல்லும் முறையில் 234 கடிதங்கள் எழுதினார். ஒலி, ஒளி, கிரகம், இசை, தர்க்கம் என்று எல்லாம் அதில் வரும். தர்க்கத்தை விளக்கும் இடத்தில் ஒரு கூட்டத்தை ஒரு வட்டமாகப் போட்டார். ஒரு கூட்டம் இன்னொன்றுக்குள் அடங்கினால் வட்டத்துக்குள் வட்டம். கொஞ்சம் கலந்தால் ஒன்றை ஒன்று வெட்டும் வட்டம். சம்பந்தமே இல்லையென்றால் தள்ளித் தள்ளி. வட்டம் போட்டு விளக்குவது அவருக்கு முன்பும் சிலரிடம் இருந்தது. ஆனால் ஊர் ஊராகப் பரப்பியது இந்தக் கடிதங்கள்தான். இன்று இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகள் போடுகிற வென் வரைபடம் இதற்குப் பிறகு 1880-இல் வந்தது.

இரண்டாவது, பொருண்மை வடிவம். 1750 நவம்பரில் கோல்ட்பாக் என்ற கூட்டாளிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். ஒரு கனச்சதுரத்தைக் கையில் எடுங்கள். முனை 8, விளிம்பு 12, மேற்பரப்பு 6. முனையிலிருந்து விளிம்பைக் கழித்து மேற்பரப்பைக் கூட்டினால் 2. சதுர அடிப் பிரமிடில் முனை 5, விளிம்பு 8, மேற்பரப்பு 5. இங்கேயும் 2. தட்டையான பக்கங்களால் மூடி, உள்வாங்காமல், ஓட்டை இல்லாமல் இருக்கிற எந்த வடிவத்தை எடுத்தாலும் விடை 2-தான். இவ்வளவு எளிதான ஒன்று இத்தனை நூற்றாண்டாக யார் கண்ணிலும் படவில்லையே என்று அவரே ஆச்சரியப்பட்டார். அவர் கொடுத்த நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 1794-இல் பிரான்சு நாட்டு லெஜாந்தர்தான் அதைச் சரியாக நிரூபித்தார்.

இனிக் குறை என்ன என்று பார்ப்போம். பெற்றோர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு திருவிழாக் குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர். தலைவரும் செயலாளரும் டெலிபோனில் பேசுகிறார்கள். செயலாளரும் பொருளாளரும் கடைவீதியில் பார்த்துப் பேசுகிறார்கள். பொருளாளரும் தலைவரும் கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். ஆக எல்லாரும் எல்லாரோடும் பேசியாயிற்று. இன்னொரு ஊரில் அதே மூன்று பேர் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். இரண்டையும் புள்ளியும் கோடுமாக வரைந்து பாருங்கள். இரண்டுமே மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒரே முக்கோணம். படத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் கூட்டம் நடத்திப் பழகியவர்களுக்கு இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும். தனித்தனியாகப் பேசியபோது ஒருவரிடம் சொன்ன கணக்கு இன்னொருவரிடம் மாறும். மேசையில் மாறாது. மூன்றாம் ஆள் எதிரே இருக்கும்போது இரண்டு பேர் பேசுகிற பேச்சே வேறு.

பாலம் என்றால் இரண்டு கரைதான். ஒரு கோடு இரண்டு புள்ளியைத்தான் சேர்க்கும். மூன்று பேர், ஐந்து பேர், பத்துப் பேர் ஒரே சமயத்தில் சேர்ந்து செய்கிற காரியத்தைக் கோடுகளாக உடைத்தால் அந்தச் சேர்க்கை காணாமல் போய்விடுகிறது. கயிறு கட்டியது போல ஒரு முழுக் கூட்டத்தையே வளைத்துப் போடும் முறையை 1970-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் குளோட் பெர்ஜ் தம் புத்தகத்தில் விரிவாக எழுதினார். ஹைப்பர்கிராப் என்று அதற்குப் பெயர். பார்த்தால் ஆய்லரின் வட்டங்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரியே இருக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தனித்தனியாகப் பேசிய மூன்று பேரை வெறும் முக்கோணமாக விடுவது. ஒன்றாக உட்கார்ந்த மூன்று பேருக்கு முக்கோணத்தின் உள்ளே மை தடவி நிரப்பிவிடுவது. அதாவது மூன்று விளிம்போடு ஒரு மேற்பரப்பையும் சேர்ப்பது. இப்போது ஆய்லர் சொன்னபடி கணக்குப் போடுங்கள். வெறும் முக்கோணம்: 3 முனை, 3 விளிம்பு, மேற்பரப்பு இல்லை. 3-இல் 3 போக விடை 0. நிரப்பிய முக்கோணம்: 3-இல் 3 போக, ஒரு மேற்பரப்பைக் கூட்டினால் விடை 1. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டு கூட்டத்தையும் ஆய்லர் கணக்குப் பிரித்துக் காட்டிவிட்டது! மூளை நரம்புகள் கூட்டமாக வேலை செய்வதையும், பல பேர் சேர்ந்து எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் இந்த மாதிரி நிரப்பிய வடிவங்களாகப் போட்டு இப்போது எண்ணிப் பார்க்கிறார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு புதுப் பழக்கமோ செய்தியோ மக்களிடம் பரவுவதைக் கணக்கு மாதிரியாகப் போட்டுப் பார்த்தது. இரண்டு இரண்டு பேராக மட்டும் பரவினால் அது மெல்ல மெல்லக் கூடுகிறது. கூட்டத்தின் சேர்ந்த பலத்தையும் கணக்கில் எடுத்தால் திடீரென்று பிடித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் போதுமான ஆள் இருந்தால் பரவும், இல்லாவிட்டால் அப்படியே அமுங்கிப் போகும். கோத்தோங் ரோயோங்குக்கு நான்கு பேர் வந்தால் அரை மணியில் கலைந்துவிடுவதும், பதினைந்து பேர் கூடிவிட்டால் வேடிக்கை பார்க்கிறவரும் மண்வெட்டியைத் தூக்குவதும் இந்தக் கணக்கை எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

ஆய்லர் மனிதக் கூட்டத்தை ஆராய்ந்தார் என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். அவர் ஆராய்ந்தது பாலத்தையும் கனச்சதுரத்தையும்தான். ஆனால் கூட்டம் என்றால் என்ன என்பதை அவர் தம் வாழ்க்கையில் அனுபவித்தார். அந்தக் கதைக்கு வருகிறேன்.

1766-இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் அழைப்பை ஏற்று மறுபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். வயது 59. வந்த கொஞ்ச நாளில் நல்லதாக இருந்த இடது கண்ணையும் புரை மறைத்துவிட்டது. 1771-இல் வீட்டில் தீப்பிடித்தது. பாசல் ஊரைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற கைவேலைக்காரர் உள்ளே பாய்ந்து, கண் தெரியாத பெரியவரைத் தோளில் தூக்கி வந்து காப்பாற்றினார். எழுதி வைத்த தாள்களும் பெரும்பாலும் தப்பின. அதே வருடம் கண்ணுக்கு அறுவை செய்தார்கள். சில நாள் உலகம் தெரிந்தது. பிறகு புண் பழுத்துப் பார்வை அடியோடு போயிற்று. 1773-இல் நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

எழுதிப் பிழைத்த மனிதனுக்குக் கண் இல்லை. இதோடு முடிந்தது என்று ஊர் நினைத்திருக்கும். ஞாபக சக்தியைச் சும்மா சொல்லக்கூடாது. ஒரு தடவை இரண்டு மாணவர்கள் 17 உறுப்புகளைக் கூட்டி, ஐம்பதாவது இலக்கத்தில் ஆளுக்கு ஒரு விடை சொல்லிச் சண்டை போட்டார்களாம். ஆய்லர் மண்டைக்குள்ளேயே முழுக்கப் போட்டுச் சரியானதைச் சொன்னார். ஆனால் மண்டையில் இருப்பது தாளுக்கு வர வேண்டுமே?

முதலில் உதவிக்கு வந்தவர் ஒரு தையற்காரப் பையன். பெர்லினில் தையல் வேலை பழகிய அந்த இளைஞரை ஆய்லர் வேலைக்கு வைத்திருந்தார். அவருக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது. அவரை உட்கார வைத்து, ஆரம்பத்திலிருந்து இயற்கணிதத்தை வாயால் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அந்தப் பையனுக்குப் புரியும்படி சொன்னால் யாருக்கும் புரியும் என்பது அவர் எண்ணம். புத்தகம் முடிந்தபோது தையற்காரப் பையனே கடினமான கணக்குகளைத் தானாகப் போடும் அளவுக்குத் தேறிவிட்டார். 1768-இல் ரஷ்ய மொழியிலும் 1770-இல் ஜெர்மன் மொழியிலும் வெளியான அந்த இயற்கணித நூல் பல மொழிகளில் போய் எத்தனையோ தலைமுறைக்குப் பாடப் புத்தகமாக இருந்தது. ஆய்லர் பெயரை உலகம் அறியும். அந்தத் தையற்காரர் பெயரை நூலின் முன்னுரைகூடச் சொல்லவில்லை. நம்மைப் போன்ற ஆட்களுக்கு இது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் மெல்ல ஒரு கூட்டம் சேர்ந்தது. மூத்த மகன் ஜோகன் ஆல்பிரெக்ட், கிராஃப்ட், பின்லாந்துக்காரரான லெக்சல், 1773-இல் பாசலிலிருந்து டேனியல் பெர்னூலி அனுப்பி வைத்த 18 வயது நிக்கோலாஸ் ஃபூஸ். அறையில் சிலேட்டுக் கல் பதித்த பெரிய மேசை ஒன்று. மங்கலாக ஏதாவது தெரிந்த வரையில் ஆய்லர் அதில் சுண்ணக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதுவார். சுற்றி இவர்கள். அவர் ஒரு யோசனையைச் சொல்வார். இவர்கள் கேள்வி கேட்பார்கள், மறுத்துப் பேசுவார்கள், பேச்சிலே வழி பிறக்கும். ஒருவர் எழுதி எடுப்பார். உதாரணக் கணக்குகளை இன்னொருவர் போட்டுப் பார்ப்பார். மறுபடி வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். நிலவின் ஓட்டத்தைப் பற்றிய பெரிய நூலுக்குக் கை ஓயாமல் கணக்குப் போட வேண்டியிருந்தது. மகனும் கிராஃப்டும் லெக்சலும் சேர்ந்து போட்டார்கள். 1772-இல் நூல் வந்தது. ஃபூஸ் மட்டும் ஏழு வருடத்தில் 250-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தயார் செய்தார். 1775-ஆம் வருடத்தில் கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு கட்டுரை விழுந்திருக்கிறது. ஆய்லர் எழுதியவை மொத்தம் 860-க்கும் மேல். அதில் சுமார் பாதி, கண் போன பிறகு, அந்த மேசையைச் சுற்றி உண்டானவை.

ஆய்லருக்கும் லெக்சலுக்கும் ஒரு கோடு, ஆய்லருக்கும் ஃபூசுக்கும் ஒரு கோடு என்று இதை வரைந்தால் வாத்தியாரும் எழுத்தர்களும் மாதிரி தெரியும். சொல்பவர் ஒருவர், எழுதுபவர் சிலர், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் கேட்ட கேள்வியை மற்றவரும் கேட்டு, அதற்கு மூன்றாமவர் பதில் சொல்லி, அதைக் கண் தெரியாத கிழவர் திருத்தி நடந்த வேலை அது. தனியாக ஒரே ஒரு எழுத்தரை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

1783 செப்டம்பர் 18. வயது 76. காலையில் பேரப்பிள்ளைக்குப் பாடம் சொன்னார். அந்த வருடம்தான் பிரான்சில் வெந்நீராவி அல்ல, வெறும் சூடான காற்றை நிரப்பிப் பலூனை மேலே விட்டிருந்தார்கள். அது எப்படி ஏறுகிறது என்று பலகையில் கணக்குப் போட்டார். மத்தியானம் லெக்சலோடும் குடும்பத்தாரோடும் சாப்பிட உட்கார்ந்தார். 1781-இல் கண்டுபிடித்த புதுக் கோளின் பாதையைப் பற்றிப் பேச்சு ஓடியது. இன்று அதற்கு யுரேனஸ் என்று பெயர். சாயங்காலம் தேநீர் குடித்து, பேரனோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது மூளையில் இரத்தம் கசிந்து சாய்ந்தார். அன்று இரவே உயிர் பிரிந்தது.

அவருடைய இடத்தில் லெக்சலை நியமித்தார்கள். அடுத்த ஆண்டே அவரும் இறந்து போனார். ஃபூஸ் 1784-இல் ஜோகன் ஆல்பிரெக்டின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தக் குடும்பத்திலேயே ஒருவரானார். மேசையில் எழுதி எடுத்த கட்டுரைகளை அறிவியல் கழகம் அச்சிட்டுக்கொண்டே வந்தது. ஆய்லர் இறந்து சுமார் ஐம்பது வருடம் வரைக்கும் அந்த அச்சு வேலை ஓயவில்லை. அதற்கும் பிறகு 1844-இல், ஃபூசின் மகனும் ஆய்லரின் கொள்ளுப்பேரனுமான பவுல் ஹைன்ரிக், யாரும் பார்க்காமல் கிடந்த இன்னொரு கட்டுக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். 1862-இல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.